லினக்ஸ் கணினிக்கு ஏற்ற வெளி வன்தட்டு

தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், எல்காட் நிறுவனத்தின் வழியே மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்தோடு, நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. ஆதலால் நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் வட்டாரத்து வீடுகளுக்கு லினக்ஸ் புதிய விருந்தாளி அன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்ட பிறகு, புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணினிகளில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ நிறுவிக்கொள்வதே பலருக்கும் எளிய வழியாக உள்ளது. இயங்குதளம் எந்நாளும் இலவசமாகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் கணினிக்குள் சேர்த்து வைத்த திருமண ஒளிப்படங்களும், லாரிக் கணக்கும், கோழிப்பண்ணைப் பதிவேடும், பட்டா நகல்களும், பாதி எழுதிய ஆய்வேடும் ஒருமுறை போனால் போனவைதாம். அவற்றுக்குக் காப்பு நகல், அதாவது பேக்கப், எடுத்து வைப்பதற்கான வெளி ஹார்டு டிஸ்க், நூல் வழக்கில் வன்தட்டு எனப்படுவது, எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

எந்த நிறுவனத்துத் தட்டு, எத்தனை டெராபைட் என்னும் கேள்விகளுக்கு முன்பாக, எத்தனை தட்டுகள் என்னும் கேள்வி வர வேண்டும். இவ்வுரை உறுதியாகச் சொல்ல விரும்பும் விடை இரண்டு என்பதாகும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சாமை, தினை முதலிய சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டபோது, மலைச் சிற்றூர்களிலேயே சமுதாய விதை வங்கிகள் அமைய உதவியது. ஓரூர்க் குதிரில் வண்டு விழுந்தாலும் அடுத்த ஊரில் விதை இருக்கும் என்பதே அவ்வகை ஏற்பாட்டின் பலம். காப்பு நகலுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு 4 டெராபைட் தட்டை வாங்கும் இடத்தில் இரண்டு 2 டெராபைட் தட்டுகளை வாங்கினால் செலவு சற்றே கூடலாம். ஆனால் ஒன்று கீழே விழுந்து உடைந்த நாளில் அந்தக் கூடுதல் செலவு பெரிதாகத் தோன்றாது. பல்லாயிரம் தட்டுகளை இயக்கி, அவற்றின் பழுது விவரங்களை 2013 முதல் வெளியிட்டு வரும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் அண்மைக் கணக்குகளில், ஓராண்டில் பழுதாகும் தட்டுகள் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு என்ற அளவில் அமைகின்றன. குளிரூட்டிய அறையில், அசையாமல் இருக்கும் தட்டுகளின் நிலை அது. பையில் போட்டுத் தூக்கிச் செல்லப்படும் தட்டுக்கு அந்த அளவு நற்பேறு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகைப்படும். உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குலத் தட்டு, கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் பெறுகிறது. பருமனான 3.5 அங்குலத் தட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும். மூன்றாவது, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஆகும். மின்தடை அடிக்கடி வரும் இடங்களில் 3.5 அங்குலத் தட்டை யு.பி.எஸ். இல்லாமல் பயன்படுத்துவது நல்லதன்று. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால், மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தாலும் தட்டு மட்டும் நின்றுவிடுகிறது, எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பும் சிதையக்கூடும். 2.5 அங்குலத் தட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அது மடிக்கணினியின் பேட்டரியையே பகிர்ந்துகொள்கிறது. எஸ்.எஸ்.டி. வேகமானது, விழுந்தாலும் தாங்கக்கூடியது. எனினும் அது தரவை மின்னூட்டமாகச் சேமிப்பதால், மின் இணைப்பே இல்லாமல் வெப்பமான அறையில் நெடுங்காலம் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஜெடெக் என்னும் தரநிலை அமைப்பின் வரையறைப்படி, தன் எழுதும் ஆயுளை முடித்துவிட்ட சாதாரண எஸ்.எஸ்.டி., 30 பாகை செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புதிய எஸ்.எஸ்.டி. அதனினும் நெடுங்காலம் தாங்கும் என்றாலும், சேந்தமங்கலத்துச் சித்திரை வெயிலில் அலமாரிக்குள் கிடக்கப்போகும் பொருளுக்குச் சுழலும் தட்டே ஏற்றது. அன்றாடம் எடுத்துச் செல்லும் வேலைக்கு எஸ்.எஸ்.டி. பொருந்தும்.

கொள்ளளவைப் பொறுத்தவரை, கணினியில் இன்று உள்ள தரவைப் போல இரண்டு மடங்கேனும் வேண்டும். கோப்புகளின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்க விரும்புவோர்க்கு மூன்று மடங்கு. 1 டெராபைட் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட தட்டு, கணினியில் 931 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார், கணினியின் பல நிரல்கள் 1024-இன் மடங்குகளில் எண்ணுகின்றன, அவ்வளவே. ஆனால் நம்ப முடியாத மலிவு விலைக்கு 16 டெராபைட் என்று இணையத்தில் விற்கப்படும் எஸ்.எஸ்.டி.கள் வேறு கதை. அவற்றுக்குள் ஒரு சிறிய நினைவக அட்டையே இருப்பதும், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி அது மாற்றி அமைக்கப்பட்டிருப்பதும் பலமுறை வெளிப்பட்டுள்ளன. அத்தகைய பொருளில் எழுதுவது எழுதியது போலவே தோன்றும், திரும்ப எடுக்கும்போதுதான் இல்லாதது தெரியும். லினக்ஸில் எஃப்3 என்னும் இலவச நிரல், தட்டு முழுவதும் எழுதி, மீண்டும் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும்.

வேகத்துக்கு யு.எஸ்.பி. 3 என்பது போதும். பெயர்களின் குழப்பம் பெரிது, 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என மூன்று பெயர்களில் வருவது ஒரே 5 ஜிகாபிட் வேகம்தான் என்பதை அறிந்தவர், பெட்டியில் உள்ள பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் தர மாட்டார். சுழலும் சிறு தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் வேகத்தில் எழுதும் என்று கொண்டால், 500 ஜிகாபைட் தரவை முதன்முறை நகலெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். அதே தட்டைப் பழைய கணினியின் யு.எஸ்.பி. 2 துளையில் செருகினால் நான்கு மணி நேரம் ஆகலாம். யு.எஸ்.பி. 2 துளை தரக்கூடிய மின்னோட்டமும் குறைவு, வரையறைப்படி 500 மில்லி ஆம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அது போதாமல், ‘டிக் டிக்’ என்று ஒலித்து நின்றுவிடுவது தட்டின் பழுதாக இல்லாமல் இருக்கலாம். தனி மின் இணைப்பு இல்லாத மலிவு ஹப்பின் வழியே இணைப்பதைத் தவிர்ப்பதும், குட்டையான நல்ல கேபிளைப் பயன்படுத்துவதும் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

தட்டின் உட்புறத்தைப் பற்றி இரண்டு செய்திகள் அறியத்தக்கவை. முதலாவது எஸ்.எம்.ஆர். என்னும் பதிவுமுறை: தட்டில் தரவு எழுதப்படும் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று சிறிதளவு படியும்படி நெருக்கி எழுதுவதால் கொள்ளளவு கூடுகிறது, ஆனால் நடுவில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டுமானால் அதன் அண்டை வளையங்களையும் சேர்த்து மீண்டும் எழுத நேர்கிறது. 2020-ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வகைத் தட்டுகள் சிலவற்றில் இம்முறையை அறிவிக்காமலே புகுத்தியிருந்தது வெளிப்பட்டு வழக்குவரை சென்றது. இன்று விற்கும் பெரிய கொள்ளளவு 2.5 அங்குலத் தட்டுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. வாரம் ஒருமுறை மாறிய கோப்புகளை மட்டும் வரிசையாக எழுதும் வேலைக்கு இதனால் பெரிய கேடு இல்லை. அதே தட்டிலிருந்து நேரடியாக வேலை செய்ய முயன்றால் நத்தை வேகம்தான். இரண்டாவது, சில தட்டுகளில் மறைகுறியாக்கம், அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க இயலாதபடி தரவை மாற்றி எழுதுவது, தட்டின் மின்சுற்றிலேயே அமைந்திருக்கிறது. அதைத் திறக்கும் நிரலை உற்பத்தியாளர்கள் பொதுவாக விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே தருகின்றனர். மின்சுற்று எரிந்துபோனால் உள்ளே நலமாக இருக்கும் தட்டையும் படிக்க முடியாமல் போகும். எனவே லினக்ஸ் பயனர் வாங்க வேண்டியது, கூடுதல் நிரல்கள் எதையும் பெருமையாகச் சொல்லாத எளிய தட்டு.

லினக்ஸுக்கே உரிய செய்தி கோப்பு முறைமையில் இருக்கிறது. கோப்பு முறைமை என்பது, எந்தக் கோப்பு தட்டின் எந்த இடத்தில் உள்ளது, அது யாருக்கு உரியது, யார் அதைத் திறக்கலாம் என்பவற்றைக் குறித்து வைக்கும் ஒழுங்கு. கடையிலிருந்து வரும் தட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைமையோடு வருகிறது. லினக்ஸ் இவை இரண்டையும் இன்று நன்றாகவே படிக்கிறது. எக்ஸ்ஃபேட்டுக்கான முழுமையான ஆதரவு 2020-இலும், என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கான புதிய நிரல் 2021-இலும் லினக்ஸ் கருவகத்தில், அதாவது கெர்னலில், சேர்ந்தன. அதனாலேயே பலர் வாங்கிய தட்டை அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிடுகின்றனர். கோப்பின் உள்ளடக்கம் அதில் போய்ச் சேரும், ஆனால் எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் விவரமும், அனுமதி விவரமும், கோப்புகளுக்கிடையிலான இணைப்புகளும் போய்ச் சேரா. ஒளிப்படங்களுக்கு அது பொருட்டன்று. முகப்புக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்துப் புதிய கணினியில் இறக்கும்போதோ, திறவுகோல் கோப்புகளும் நிரல்களின் அமைப்புகளும் பிழை காட்டி நிற்கும். ஆகவே தட்டை வாங்கிய நாளிலேயே, அதில் தரவு ஏதும் சேரும் முன்பே, உபுண்டுவிலும் வேறு பல லினக்ஸ் வகைகளிலும் உள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலியின் வழியே அதை இ.எக்ஸ்.டி.4 முறைமைக்கு ஃபார்மட் செய்துவிட வேண்டும். அதே திரையில் கடவுச்சொல் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தால் லக்ஸ் என்னும் மறைகுறியாக்கம் அமைகிறது. வேறு எந்த லினக்ஸ் கணினியிலும் அந்தக் கடவுச்சொல்லைக் கொண்டு திறக்கலாம். கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியே இல்லை என்பதால், அதைத் தாளில் எழுதித் தட்டிலிருந்து தொலைவாக வைப்பது தேவை.

இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. இ.எக்ஸ்.டி.4 முறைமை, இயங்குதளம் நிறுவப்பட்ட தட்டு நிரம்பி வழிந்து கணினி முடங்கிவிடக் கூடாது என்பதற்காக, மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கிறது. காப்பு நகல் தட்டில் அந்த ஒதுக்கீட்டுக்குத் தேவை இல்லை. 2 டெராபைட் தட்டில் அது 100 ஜிகாபைட். டியூன்2எஃப்எஸ் என்னும் கட்டளையால் அந்த ஒதுக்கீட்டைச் சுழியாக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியிலும் திறக்க வேண்டிய கோப்புகள் இருந்தால், இரண்டு தட்டுகளில் ஒன்றில் மட்டும் எக்ஸ்ஃபேட்டுக்கென ஒரு சிறு பகுதியைப் பிரித்து விடுவது போதும்.

புதிய தட்டு நல்லது என்று கருதுவதற்கு அதன் புதுமை மட்டும் சான்றாகாது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் நிரல்தொகுப்பு, தட்டு தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் விவரங்களைக் காட்டுகிறது. அதில் 5-ஆம் எண், பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்வுக்குக் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கு. நீள்சோதனையை ஓட்டிய பிறகும் இரண்டும் சுழியாக இருந்தால் தட்டை நம்பலாம். புதிய தட்டில் அவற்றுள் ஒன்று சுழிக்கு மேல் இருந்தாலும் கடைக்குத் திருப்பித் தருவதே முறை, அதற்காகவே பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். நிறுவனம் தரும் உத்தரவாதம் தட்டுக்குத்தான், உள்ளே இருந்த தரவுக்கு அன்று.

நகலெடுக்கும் நிரலாக டேஜா டப் எளியது, உபுண்டுவில் ‘பேக்கப்ஸ்’ என்ற பெயரில் கிடைப்பது. மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட், இயங்குதளத்தைக் காப்பதற்கு உரியது. அதன் இயல்பான அமைப்பில் முகப்புக் கோப்புறை சேராது என்பதை அறியாமல் அதை மட்டும் நம்பி இருப்பது கொடிய இழப்பில் முடியக்கூடும். கட்டளை எழுதப் பழகியவர்க்கு 1996 முதல் இருந்துவரும் ஆர்சிங்க் உள்ளது. அதன் நீக்கல் விருப்பத்தைச் சேர்த்தால், கணினியில் தவறி அழிந்த கோப்பு தட்டிலும் அழிந்துவிடும் என்பதால், பழைய வடிவங்களையும் காக்கும் போர்க் அல்லது ரெஸ்டிக் நிரல்களே மேல்.

சேந்தமங்கலத்தின் இருப்பிடம் இரண்டாம் தட்டுக்கு இயல்பாகவே ஓர் இடம் காட்டுகிறது. காரவல்லி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காடு, செம்மேடு பக்கம் உள்ள உறவினர் வீட்டில் ஒரு தட்டை வைத்தால், ஒரே மின்னலோ ஒரே திருட்டோ இரண்டையும் தொட முடியாது. வன்தட்டுகள் பொதுவாக 3,000 மீட்டர் உயரம்வரை இயங்கும்படி அமைக்கப்படுவதால் கொல்லிமலையின் உயரம் ஒரு பொருட்டே அன்று. அணைந்த தட்டில் தரவைப் படிக்கும் முனைகள் ஒதுங்கி நிற்பதால், துணி சுற்றிய பெட்டியில் பேருந்துப் பயணத்தையும் அது தாங்கும். வண்டி ஓடும்போது மடியில் வைத்து இயக்குவதுதான் ஆகாது. கவனிக்க வேண்டியது ஈரம். மலையின் மார்கழிக் குளிரிலிருந்து இறக்கிய தட்டின்மேல், சமவெளியின் ஈரக்காற்று பனித்துளியாகப் படியும். உறையை அவிழ்க்காமல் சில மணி நேரம் அறையில் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு அது வந்த பிறகே கணினியில் செருக வேண்டும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. வீட்டில் இருக்கும் தட்டும் நகலெடுத்து முடிந்ததும் கழற்றப்பட வேண்டியதே. எந்நேரமும் இணைந்திருக்கும் தட்டை ரான்சம்வேர் என்னும் பணயத் தீநிரலும் எட்டும், திடீர் மின்னழுத்த எழுச்சியும் எட்டும். கழற்றும்முன் ‘எஜெக்ட்’ கொடுத்து, விளக்கு அணையும்வரை காத்திருப்பது தேவை, ஏனெனில் லினக்ஸ் எழுத வேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் நிறுத்தி வைத்தே எழுதுகிறது. திரையில் நகல் முடிந்ததாகத் தெரிந்தாலும் தட்டில் முடியாமல் இருக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றும் நாளில், மலையிலிருந்து வந்த தட்டிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பார்க்க வேண்டும். ஓர் ஒளிப்படம், ஒரு கணக்குத் தாள், நீளமான ஒரு வீடியோவின் கடைசி நிமிடம் ஆகிய மூன்றும் சரியாகத் திறந்தால், அந்தத் தட்டில் புதிய நகலை எழுதத் தொடங்கலாம்.