அயல்நாட்டு மருமகளுக்குக் குடியுரிமை



தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் லயமே திரண்டு நிற்கும். அப்படி ஒரு கல்யாணத்தில் நாமும் பந்தியில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை நம் பள்ளியில் படித்த பிள்ளை, பால்மரம் சீவுபவர். பெண் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கோயிலில் தாலி ஏறியது; வாழ்த்திவிட்டு வந்தோம். ஆண்டுகள் சில சென்று, தங்கள் பையனை முதலாம் வகுப்பில் சேர்க்க இருவரும் வந்தார்கள். பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். 'பூக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்லன் என்று அதில் இருந்தது.

"வாத்தியாரையா, ஊரறியத் தாலி கட்டினேனே, அது கல்யாணம் இல்லையா?" என்று தகப்பனார் கேட்டார். கோயிலுக்கும் நமக்கும் அது கல்யாணந்தான். ஆனால் அதை யாரும் பதிவு செய்யவில்லை. பதியாத கல்யாணத்தைச் சட்டம் ஏற்பதில்லை. இன்று நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் உள்ளது. அது 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நம் தாத்தா பாட்டிமார் வழக்கப்படி செய்துகொண்ட திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்த நாளுக்குப் பின் நடப்பவற்றுக்குப் பதிவு கட்டாயம். தேசியப் பதிவு இலாகாவில் பதியலாம். சில ஆலயங்களில் துணைப் பதிவதிகாரிகளும் இருக்கிறார்கள். இந்தியாவுக்குப் போய் அங்கே தாலி கட்டியவர்கள் ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால், திரும்பிய ஆறு மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும்.

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பிள்ளைகள். பெற்றோர் சட்டப்படி மணந்திருந்தால், இந்நாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை கிடைக்கும். மணம் பதிவாகாவிட்டால், அரசியலமைப்பின்படி பிள்ளை தாயின் வழியைப் பின்பற்றும். தாய் அயல்நாட்டவர் என்றால் பிள்ளையும் அயல்நாட்டவனாகிறான். பிறகு ஓடிப்போய்க் கல்யாணத்தைப் பதிந்தாலும், பிறந்த பிள்ளையின் நிலை தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். அவனுக்காகத் தனியே மனுச் செய்து, அரசாங்கத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மனைவி. மலேசியக் குடிமகனை மணந்த பெண் குடியுரிமைக்கு மனுச் செய்ய அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு வழி செய்கிறது. அதே பிரிவு, மணமான பெண் என்றால் சட்டப்படி பதிவான மணத்தை உடையவள் என்றும் சொல்கிறது. ஆகவே பதிவு இல்லாமல் வாசல் திறக்காது.

அதன்பின் என்ன வேண்டும்? மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் அவர் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். நிரந்தரமாக வாழும் எண்ணமும் நன்னடத்தையும் வேண்டும். சொல்லும்போது எளிது, நடப்பில் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதலில் குடிநுழைவு இலாகாவில், கணவர் பொறுப்பேற்க, நீண்டகால வருகை அனுமதி. பல ஆண்டுகள் கழிந்தபின் நிரந்தரவாசத் தகுதி, அதாவது நாம் சொல்லும் சிவப்பு அடையாளக் கார்டு. அதற்கும் பின்னர்தான் குடியுரிமை மனு. இடையில் ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க மறந்தாலும் தொல்லைதான். ஆகையால் அனுமதி முடியும் தேதியைச் சுவர் நாள்காட்டியில் பெரிதாக எழுதி வையுங்கள்.

2024ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், இத்தகைய மனைவியருக்குப் போதிய மலாய்மொழி அறிவையும் ஒரு நிபந்தனையாக்கியது. ஆகவே வீட்டுக்கு வந்த மருமகளை அடுப்படியிலேயே வைத்துவிடாதீர்கள். கடைக்கும் மருத்துவமனைக்கும் அவரே போய்ப் பேசிப் பழகட்டும்.

மற்றொரு எச்சரிக்கை. மலேசியாவும் சரி, இந்தியாவும் சரி, இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுப்பதில்லை. அதற்காக அவசரப்பட்டுப் பழைய குடியுரிமையை விட்டுவிடக் கூடாது. இலாகா எழுத்து மூலம் கேட்கும்வரை பொறுத்திருங்கள். இல்லாவிட்டால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றாகிவிடும்.

அயல்நாட்டு ஆடவரை மணந்த நம் பெண்களுக்கும் ஒரு சொல். 15ஆவது பிரிவு கணவருக்குப் பொருந்தாது. அவர் 19ஆவது பிரிவின்படி தனியே மனுச் செய்ய வேண்டும். அதற்குக் கடந்த 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளாவது இங்கு வாழ்ந்திருக்க வேண்டும்.

நேயர்களே, நம் முன்னோர் பலர் 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, "பாரம் எழுதுவானேன், நாம் இங்கேதானே இருக்கிறோம்" என்று இருந்துவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் சிவப்பு அடையாளக் கார்டோடு உழைத்துக் கண்மூடியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அதே கவனக்குறைவை நம் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்லலாமா?

நாம் சொன்ன அந்தப் பையன் இப்போது நம் பள்ளியில் படிக்கிறான். பெற்றோர் மணத்தைப் பதிந்துவிட்டார்கள். அவனுக்கும் மனுப் போட்டிருக்கிறார்கள். 12 வயதில் கூட்டாளிகள் அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போது தானும் போக வேண்டும் என்பது அவன் ஆசை. மாலையில் அவன் மலாய்ப் பாடத்தை உரக்கப் படிக்கிறான். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படிக்கிறார்.

அடுத்த முறை உங்கள் லயத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தால், பந்தலுக்கும் பத்திரிகைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பதிவுக்கு என்றைக்குப் போகிறீர்கள்?" அன்று நாம் கேட்கத் தவறிய கேள்வி அது. நீங்கள் தவறாதீர்கள்.