கம்பைலரைத் திறந்து வைத்தவர்கள்: ஆஸ்பெக்ட் மொழிகளின் வரலாறு

ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் போட ஒரு மாட்யூல், எடுக்க ஒன்று, அனுப்ப ஒன்று. எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. அப்போது மேலாளர் வந்து, “ஒவ்வொரு பரிமாற்றமும் லாகில் பதிவாகணும். அதுக்கு முன்னாடி அனுமதியும் சரிபார்க்கணும்” என்கிறார். அந்த நாலு வரிகளை எங்கே எழுதுவீர்கள்? எல்லா மாட்யூலிலும்தான். நாளைக்கு விதி மாறினால் எல்லாக் கோப்புகளையும் மறுபடி திறக்க வேண்டும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்ததுதான் ஆஸ்பெக்ட் சார்ந்த ப்ரோகிராமிங். சிதறிக் கிடக்கும் வரிகளை ஓரிடத்தில் எழுதிவிட்டு, எங்கெங்கே ஓட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதற்கு ஒரு மொழி வேண்டுமே? அது எப்படிப்பட்ட மொழியாக இருக்க வேண்டும் என்பதில் பெரிய இழுபறியே நடந்தது. இன்று அந்தக் கதையைப் பார்க்கப் போகிறோம்.

முதல் விதை 1966இல் விழுந்தது. எம்ஐடியில் வாரன் டைட்டல்மேன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக, லிஸ்ப் மொழியில் பைலட் என்ற அமைப்பை உருவாக்கினார். ஏற்கெனவே எழுதிய ஃபங்ஷனைத் தொடாமலே, அதற்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் ஓட வேண்டிய வரிகளை அதில் ஒட்டவைக்க முடியும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘அட்வைஸ்’. இன்றும் அதே பெயர்தான். பிறகு, காமன் லிஸ்பின் ஆப்ஜெக்ட் அமைப்பான க்ளாஸ் (CLOS), ஒரு மெத்தடுக்கு முன்னாலும் பின்னாலும் அதைச் சுற்றியும் வேறு மெத்தட்களை ஓடவிடும் வசதியைத் தந்தது.

க்ளாஸை வடிவமைத்தவர்களில் ஒருவர் கிரிகோர் கிசாலஸ். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், செராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் வேலை செய்தவர். மெட்டா ஆப்ஜெக்ட் ப்ரோட்டோகால் பற்றி இன்னும் இருவரோடு சேர்ந்து 1991இல் ஒரு புத்தகம் எழுதினார். மொழி தனக்குள் எடுக்கும் முடிவுகளைக்கூட, அதைப் பயன்படுத்துகிறவர் மாற்றிக்கொள்ள வழி விடலாம் என்பதே அதன் சாரம். வசதி அபாரமானது, ஆனால் எல்லாராலும் கையாள முடியாதது. அந்த வசதியை அளவோடு, எளிய வடிவில் தரும் வழியை அவருடைய குழு தேடியது.

1997இல் ஃபின்லாந்தின் யுவஸ்கிலா நகரில் நடந்த மாநாட்டில் கிசாலஸும் ஆறு சகாக்களும் விடையை ஒரு கட்டுரையாக வைத்தார்கள். அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொது மொழி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு சின்ன மொழி! அந்தக் குழுவில் இருந்த கிரிஸ்டினா லோப்ஸ், த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஒழுங்குபடுத்த ‘கூல்’ என்றும், நெட்வொர்க் வழியே எந்தத் தரவு போக வேண்டும் என்று சொல்ல ‘ரிடில்’ என்றும் இரண்டு மொழிகள் வடிவமைத்திருந்தார்.

கட்டுரையில் இருந்த படச் செயலாக்க உதாரணம்தான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. புரியும்படி எழுதினால் 768 வரிகள், ஆனால் வேகம் போதாது. வேகத்துக்காகக் கையால் திருத்தி எழுதியபோது 35,213 வரிகள். ஆஸ்பெக்ட்களாகப் பிரித்து எழுதினால் 1,039 வரிகளில் வேலை முடிந்தது. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஆஸ்பெக்ட்களைக் கோடுக்குள் சேர்த்துப் பின்னும் வீவர் மட்டும் 3,520 வரிகள். ஒவ்வொரு புதுச் சிக்கலுக்கும் ஒரு புது மொழி, ஒரு புது வீவர் என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

அதனால் அதே குழு எதிர்த்திசையில் போனது. எல்லாவற்றுக்கும் ஒரே பொது மொழி: ஆஸ்பெக்ட்ஜே. ஜாவாவின் மேல் கட்டியது. ப்ரோகிராம் ஓட்டத்தில் குறுக்கிடக்கூடிய இடம் ஜாயின் பாயிண்ட். அந்த இடங்களில் எவை வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது பாயிண்ட்கட். அங்கே ஓடுவது அட்வைஸ். 2002 டிசம்பரில் இந்தத் திட்டம் எக்லிப்ஸ் என்ற திறமூல அமைப்பிடம் போனது.

ஜாவாக்காரர்களுக்குப் பழக எளிது. ஆனால் பாயிண்ட்கட் வகைகள் மொழிக்குள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டவை. மெத்தட் அழைக்கப்படும் இடத்தைப் பிடிக்கலாம், எக்ஸெப்ஷனைப் பிடித்துக் கையாளும் இடத்தையும் பிடிக்கலாம். எக்ஸெப்ஷன் எறியப்படும் இடத்தைப் பிடிக்க வழியில்லை. வேண்டுமென்றால் கம்பைலரையே திருத்த வேண்டும். அதுவோ எக்லிப்ஸின் ஜாவா கம்பைலரை உள்ளுக்குள் மாற்றிக் கட்டியது. அங்கே அடியில் ஏதாவது மாறினால் இங்கேயும் மெனக்கெட வேண்டும்.

2005இல் ஆக்ஸ்ஃபோர்டு, மெக்கில், ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஏபிசி’ என்ற ஆஸ்பெக்ட்ஜே கம்பைலரை ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். இதன் முன்பகுதி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான பாலிக்ளாட். புது மொழியின் இலக்கணத்தை முழுசாக எழுத வேண்டாம், பழையதிலிருந்து மாறுவதை மட்டும் தனிக் கோப்பில் எழுதினால் போதும். பின்பகுதி, மெக்கில்லின் சூட். அது பைட்கோடை ஜிம்பிள் என்ற எளிய இடைநிலை வடிவத்துக்கு மாற்றுகிறது. அதில் வாக்கிய வகைகள் கொஞ்சம்தான் என்பதால், புது ஜாயின் பாயிண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். அடிப்படைக் கம்பைலரில் ஒரு வரிகூடத் தொடாமல், எக்ஸெப்ஷன் எறிதலையும் டைப் காஸ்டையும் பிடிக்கும் பாயிண்ட்கட்களை இந்தக் குழு சேர்த்துக் காட்டியது. அதே ஆண்டு ட்ரேஸ்மேட்ச் வந்தது. ஒரு நிகழ்வை மட்டுமல்ல, ‘முதலில் இது, பிறகு அது’ என்ற நிகழ்வு வரிசையையே அதனால் பிடிக்க முடிந்தது.

சிலி பல்கலைக்கழகத்தின் எரிக் டான்டர் வேறு பாதையில் போனார். அவருடைய ரிஃப்ளெக்ஸ், பல ஆஸ்பெக்ட் மொழிகள் ஒன்றாக இயங்க ஒரு பொதுக் கரு. இங்கேதான் உண்மையான சிக்கல் முளைத்தது. இரண்டு மொழிகளின் ஆஸ்பெக்ட்கள் ஒரே இடத்தில் குறுக்கிட்டால் எது முதலில் ஓடும்? ஒன்று சேர்த்த கோடை மற்றது பார்க்கலாமா? மொழியை நீட்டுவதைவிட, நீட்டியவற்றை ஒத்துப்போக வைப்பது கடினம்.

இதற்கிடையே விமர்சனமும் வளர்ந்தது. யாரோ ஒரு மெத்தடின் பெயரை மாற்றினால், பாயிண்ட்கட் சத்தமில்லாமல் வேலை செய்வதை நிறுத்திவிடலாம். கோடைப் படிக்கிறவருக்கோ, வெளியிலிருந்து என்ன ஓடுகிறது என்றே தெரியாது. இந்தக் குறை நியாயமானதுதான்.

அப்படியானால் தோல்வியா? இல்லை. ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்ப்ரிங்கில் மெத்தடுக்கு மேல் ‘@ட்ரான்சாக்ஷனல்’ என்று போடுகிறோமே, அது ஆஸ்பெக்ட்தான். ஸ்ப்ரிங்கால் மெத்தட் ஓடும் இடத்தில் மட்டுமே குறுக்கிட முடியும். ஆஸ்பெக்ட்ஜேயோடு ஒப்பிட்டால் இது ரொம்பச் சின்ன வசதி, ஆனால் அன்றாட வேலைக்கு அதுவே போதுமாக இருந்தது. என் கணிப்பில், ஏபிசி குழு நிரூபித்ததுதான் இந்த வரலாற்றின் பெரிய பாடம்: எல்லாத் தேவையையும் முன்கூட்டியே ஊகித்து மொழிக்குள் திணிக்க முடியாது, ஆனால் பிறகு வருகிறவர் அடித்தளத்தை உடைக்காமல் சேர்க்க இடம் விட முடியும். நீங்கள் சின்னதாக ஒரு மொழியோ லைப்ரரியோ எழுதினாலும், அந்த இடத்தை முதல் நாளே விட்டு வையுங்கள்.