'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தில் இரண்டு தமிழ்

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கோமல் சுவாமிநாதன் எழுதி, 1980-ல் தமது 'ஸ்டேஜ் ஃபிரெண்ட்ஸ்' குழுவைக் கொண்டு மேடையேற்றிய நாடகம் 'தண்ணீர் தண்ணீர்'. மறு வருஷம் கே. பாலசந்தர் அதைப் படமாக்கினார். உங்களில் பலர் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் மனிதர்கள் பேசுகிற பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்நாளில் சென்னை சபாக்களில் நடந்தவை பெரும்பாலும் சோபா செட் நாடகங்கள். கிராமத்துப் பேச்சு என்றால் வேலைக்காரன் வந்து சிரிப்புக் காட்டிவிட்டுப் போவது. அதே மேடையில் கரிசல் பேச்சில் ஓர் ஊரே தன் தாகத்தைச் சொன்னது. சின்னக் காரியமல்ல.

அத்திப்பட்டியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கொலை செய்துவிட்டு ஓடிவந்த வெள்ளைச்சாமி, தூரத்து ஊற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். சட்டத்துக்கு அவன் குற்றவாளி. ஊருக்கு அவன்தான் தண்ணீர். நடுவில் நிற்கிறாள் செவந்தி. அவள் புருஷன் போலீஸ்காரன். வீட்டுக்குள் அவன் புருஷன். வெள்ளைச்சாமியை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, சர்க்கார். இந்த ஒரு குடும்பத்துக்குள்ளேயே முழு நாடகமும் இருக்கிறது என்பேன்.

இனி, அந்த இரண்டு தமிழ். ஜனங்களுடைய தமிழில் ஒவ்வொரு வேலைக்கும் ஆள் உண்டு: நான் வெட்டுறேன், நீ கொண்டா. அதிகார வர்க்கத்தின் தமிழில் ஆளே கிடையாது: பரிசீலிக்கப்படும், ஆவன செய்யப்படும். யார் செய்வது? ஊர் தேர்தலைப் பகிஷ்கரித்து, தானே கால்வாய் வெட்டப் புறப்பட்டதும் அந்தத் தமிழுக்குத் திடீரென்று ஆள் வந்துவிடுகிறது, லத்தியோடு!

நமக்கு இது புதிதா? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர் "குடிக்கத் தண்ணி இல்லீங்க" என்கிறார். மனு எழுதுகிறவர் "குடிநீர்ப் பற்றாக்குறை நிலவுவதால்" என்று போடுகிறார். அந்தக் காகிதத்தில் யாருடைய நாக்கும் வறளவில்லை. ஆலை வாசல் நோட்டீஸும் இதே தமிழ்தான். ஆட்குறைப்பு "செய்யப்படுகிறது", செய்தவர் பெயர் இராது.

நம் வாலிபர்கள் இந்த நாடகத்தை நடிப்பதானால் கரிசல் பேச்சைக் கஷ்டப்பட்டுப் பழக வேண்டாம். சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துப் பேச்சிலேயே அத்திப்பட்டி பேசட்டும். அதிகாரிகளின் வசனத்தை மட்டும் மாற்ற வேண்டியதில்லை. அது எல்லா ஜில்லாவிலும் ஒன்றுதான்.