நெஞ்சுப் படமும் நம் ஊராட்சியும்

(நாகூரில் சுற்றுவட்டார ஊராட்சியினரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சம்பா அறுவடையின்போது இருமல் வந்தால், களத்துத் தூசிதானே என்று நாம் வாளாவிருந்து விடுகிறோம். பலருக்கு அது தூசிதான். சிலருக்கோ, முன்னாளில் க்ஷயம் எனப்பட்ட காசநோயாக இருக்கும். இருமலே இல்லாதவரிடத்தும் அது பதுங்கியிருப்பதுண்டு. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டோருள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல், நெஞ்சுப் படம் எடுத்திராவிடில் கணக்கில் வராமலே போயிருப்பர்.

எக்ஸ்ரே கருவி இப்போது கையில் தூக்கிச் செல்லும் அளவில் வந்துவிட்டது. ஆனால் படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவர் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. இக்குறையைச் செயற்கை நுண்ணறிவு ஓரளவு நீக்குகிறது. பழகிய நெல் வியாபாரி ஒரு பிடி நெல்லைக் கையில் அள்ளியதுமே பதரைச் சொல்லிவிடுகிறார் அல்லவா? அதுபோல, பல்லாயிரம் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி, புதிய படத்தில் ஐயத்துக்குரிய நிழலைக் குறித்து, அதற்கு ஒரு மதிப்பெண்ணும் இடுகிறது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு இம்முறையைக் கையாளலாமென உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது.

கணினி சொல்வது தீர்ப்பன்று. ஆறிப்போன பழைய வடுவையும் அது சுட்டக்கூடும். சளியைச் சோதித்த பின்னரே நோய் உறுதியாகும். ஆகையால், படத்தை மட்டும் வைத்து எவரையும் ஊரார் ஒதுக்கலாகாது.

இனி, ஊராட்சிக்கு உரிய விஷயம். காசநோயற்ற ஊராட்சித் திட்டம் 2023 மார்ச் 24-இல் தொடங்கப்பெற்றது. ஆயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கு மேல் இருக்கலாகாது என்பது சான்றுக்கான நிபந்தனைகளுள் ஒன்று. படம் எடுத்தால் எண்ணிக்கை கூடிச் சான்று கைநழுவுமே என்ற தயக்கம் எழுவது இயல்பே. ஆயினும், ஆயிரம் பேருக்கு 30 பேரையேனும் சோதித்திருக்க வேண்டும் என்பதும் அதே நிபந்தனைகளில் உள்ளது. தேடாததால் குறைந்த எண்ணிக்கையை நாங்கள் மெச்சப் போவதில்லை.

நோயென்றால் ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என அஞ்ச வேண்டாம். வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியதே நம் சென்னை ஆராய்ச்சி நிலையந்தான். பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை, மருந்து இலவசம். ஊட்ட உணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாயிற்று.

நீரிழிவு உள்ளோர், பீடி பிடிப்போர், முன்பு காசநோய் கண்டவரின் வீட்டார் ஆகியோரின் பெயர்களை முதலில் எழுதித் தாருங்கள். ஒரு நாள் கூலியை இழந்து எவரும் வரமாட்டார். எனவே, நடவு நாட்களையும் கந்தூரி நாட்களையும் விட்டு, முகாமுக்கு ஏற்ற தேதியை நீங்களே கூடிப் பேசிச் சொல்லுங்கள்.