குல்மார்க்கில் ஒரு நாள்: பனிச்சறுக்குக்குப் போக நினைப்பவர்களுக்கு

(நமது சங்கத்தின் மாதாந்திர உறுப்பினர் சந்திப்பில், கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனிச்சறுக்குப் பயணம் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். போட்டோக்களை நீங்கள் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டீர்கள். போட்டோவில் வராத விஷயங்களைச் சொல்கிறேன். அடுத்த குளிர்காலத்தில் போகலாமா என்று சில குடும்பங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு இது உதவும்.

போனது ஐந்து பேர். எல்லோரும் நமது காலை நடைப்பயிற்சிக் குழுதான். இளையவருக்கு வயது 44, மூத்தவருக்கு 62. பனியை இதற்கு முன் சினிமாவில்தான் பார்த்திருந்தோம். ஸ்ரீநகரில் தங்கி, ஒரே ஒரு நாள் குல்மார்க் போய்த் திரும்புவது என்பது திட்டம். தூரம் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் குளிர்காலத்தில் டங்மார்க்கோடு சாதாரண கார் நின்றுவிடும். அங்கிருந்து மேலே சுமார் 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியிலோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியிலோதான் போக வேண்டும். எனவே விடியும் முன்பே கிளம்புங்கள்.

குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நமது மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே அது சிகரம், இங்கே அது அடிவாரம்! கேபிள் கார் முதல் கட்டத்தில் கோங்தூரி வரை, சுமார் 3,080 மீட்டருக்கு ஏற்றிவிடும். இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டரையும் தாண்டிப் போகிறது. இதற்கான டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. ஐந்து பேரில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

தயாரிப்பு பற்றிச் சொல்கிறேன். ஸ்கீயில் வேலை முழுவதும் தொடைக்கும் முழங்காலுக்கும்தான். ஆறு வாரம் லிஃப்டைத் தொடாமல் நமது பிளாக் படிகளில் ஏறி இறங்கினோம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்வது போல ஒரு நிமிடம் நிற்கும் பயிற்சியும் செய்தோம். பார்த்துச் சிரித்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள்! இரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல பாலிசிகளில் அது சேராது.

உடையில் ஒன்று மட்டும் முக்கியம்: பருத்தி கூடாது. பருத்தி சாக்ஸ் நனைந்தால் காயாது, கால் விறைத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். வெயில் இல்லை என்று நினைத்து சன்ஸ்கிரீனையும் கறுப்புக் கண்ணாடியையும் விட்டுவிடாதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

பயிற்சியாளர் முதலில் சறுக்கச் சொல்லித்தரவில்லை, விழச் சொல்லித்தந்தார்! பின்னால் விழாதே, பக்கவாட்டில் விழு, கையை ஊன்றாதே. எழும்போது ஸ்கீ பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள். இல்லாவிட்டால் எழுந்த கையோடு மறுபடி வழுக்குவாய். பிறகு பிரேக். இரண்டு பலகைகளின் முன்முனைகளையும் அருகே கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். பீட்சா துண்டு போல என்றார். நான் பஜ்ஜிக்கு வெட்டிய முக்கோணம் என்று மனதில் பதித்துக்கொண்டேன். மதியத்துக்குள் குழந்தைகள் பழகும் சரிவில் நூறடி தூரம் விழாமல் வந்தோம். 62 வயது நண்பர்தான் எங்களில் முதலில் வந்தவர். அந்த நூறடிக்கு நாங்கள் தட்டிய கைதட்டலில் பக்கத்துக் குழுவும் சேர்ந்துகொண்டது.

இனி முக்கியமான விஷயம். முந்தைய இரவே ஒரு விதி வைத்திருந்தோம்: ஐந்து பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோருக்கும் வேண்டாம். காரணம் கேட்கக்கூடாது.

மதியம் இரண்டு மணிக்கு அந்த விதிக்குச் சோதனை வந்தது. நன்றாகப் பழகிவிட்டோம், இரண்டாம் கட்டம் ஏறி, மேலிருந்து கொஞ்சமாவது சறுக்கி வரலாம் என்றார்கள் இரண்டு பேர். மேலே உள்ள சரிவு தேர்ந்தவர்களுக்கானது, நான் கூட்டிப்போக மாட்டேன் என்றார் பயிற்சியாளர். வேறு ஆளைப் பிடிக்கலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது எங்களில் ஒருவர் மெதுவாக, "எனக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். யாரும் போகவில்லை.

அன்று மேலே எந்த விபத்தும் நடக்கவில்லை. கேபிள் கார் மாலை வரை ஓடியது. போனவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள். எங்களில் ஒருவர் இரவுச் சாப்பாடு வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியென்றால் முடிவு தவறா? இல்லை என்பேன். 2023 பிப்ரவரி 1 அன்று அதே அஃபர்வட்டில் பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் ஒரு ரஷ்யர் இறந்தார். வெளிநாட்டிலிருந்து சறுக்கவே வந்தவர்களுக்கு நேர்ந்தது இது. பனியில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். ஒன்றும் நடக்கவில்லை என்பதால் ஒரு முடிவு சரியாகவும் ஆகாது, தவறாகவும் ஆகாது. முடிவெடுத்த நேரத்தில் நமக்கு என்ன தெரியும் என்பதுதான் கணக்கு. நமக்குத் தெரிந்தது அரை நாள் சறுக்கு மட்டுமே.

இந்த விதியின் அருமை அதில் இருக்கிறது. "பயமாக இருக்கிறது" என்று நண்பர்கள் முன்னால் சொல்ல நம் வயதில் பலருக்குக் கூச்சம். காரணம் கேட்க மாட்டோம் என்று முன்பே பேசிவிட்டால் வாய் திறப்பது சுலபம். வேண்டாம் என்று சொன்னவர் யார் என்று இன்றுவரை வீட்டில்கூட நாங்கள் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் மைதானம் காய்ந்து கிடந்தது. பனி இல்லையென்றால் பயிற்சியாளருக்கும், ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கும், கஹ்வா விற்பவருக்கும் அந்த வருட வருமானமே போய்விடும். ஆகவே பனி விழுந்த செய்தி பார்த்துப் போங்கள். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்ல சமயம். உரிமம் உள்ள பயிற்சியாளரை அமர்த்தி, கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். பேசிய பிறகு பேரம் வேண்டாம். அவர் "முடியாது" என்றால் அதையும் கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம்.

வர விரும்புபவர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு பி பிளாக் படிக்கட்டுக்கு வாருங்கள். லிஃப்டில் வரக்கூடாது!