பழைய கணினிக்குப் புதிய வேகம்

(வேங்கிக்காலில் ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)

 

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. அக்காலத்துக் கணினி உங்கள் வீட்டில் இருந்தால், அதன் நிலையை நானே சொல்லிவிடுவேன்: பொத்தானை அழுத்திவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வந்தாலும் அது விழித்திராது. பழுதென்று அதைக் கழித்துவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கினுள்ளே தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, ஒரு முள் கோப்புகளைத் தேடி அலைகிறது, தாமதம் அங்கேதான். எஸ்.எஸ்.டி.யில் சுழலுவது எதுவுமில்லை. சில்லுகளிலிருந்து நேரே எடுத்துத் தருகிறது.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் கணினி கிளம்பாது. தொடக்கப் பகுதியோடு இயங்குதளம் முழுவதும் பெயர வேண்டும். தைவானில் உருவான ‘குளோன்சில்லா’ இதனை இலவசமாகச் செய்யும். ஆனால் புதியது பழையதினும் சிறிதாயிருப்பின் இயல்பாக ஏற்காது. 320 ஜி.பி. தட்டுக்கு 240 ஜி.பி. வாங்கிவிட்டுத் திகைப்பார் உண்டு, 480 வாங்குக.

எல்லாவற்றிலும் ஆபத்தானது திசை மாறுதல். மூலம் எது, இலக்கு எது என்று இருமுறை பார்க்க வேண்டும். வெறுமையானதைப் பழையதன்மேல் எழுதிவிட்டால், இவ்வூரிலுள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு நீங்கள் எழுதிய மனுக்களின் படிகளும், பட்டா நகல்களும், ஊராட்சிக் கணக்கும் அக்கணமே போய்விடும். ஆகவே முதலில் அவற்றைத் தனியே ஒரு பென் டிரைவில் எடுத்துவைப்பீர்களாக. புதியது ஒரு மாதம் செவ்வனே ஓடும் வரை பழைய தட்டை அழிக்காது பெட்டியில் வையுங்கள்.

விண்டோஸ் 7 உள்ளதாயின், அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. அதைப் பெயர்ப்பதினும், எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸைப் புதிதாக நிறுவுவதே நன்று.