பிடியரிசிப் பானையும் விசுவாசத்தின் சந்தோஷமும்

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையைத் தொடர்ந்து நடைபெற்ற ஒன்றுகூடலில், மொனராகலைப் பகுதிப் பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



"அன்றாட வாழ்வில் விசுவாசத்தின் சந்தோஷம்" என்ற தலைப்பில் பேசும்படி செயற்குழுவிடமிருந்து கடிதம் வந்ததும், எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "சந்தோஷத்தைப் பற்றிப் பேச மொனராகலையிலிருந்தா ஆள் தேடினார்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊரின் பெயருக்குச் சிங்களத்தில் மயில் பாறை என்று அர்த்தம். பெயரில் மயில், நடப்பில் வெயில் என்று நாங்களே சொல்லிக்கொள்வதுண்டு. அந்த அக்கா கேட்டது விளையாட்டாகத்தான். ஆனாலும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இந்த உரை அதற்கு எங்களால் முடிந்த பதில்.

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து என்றால் எங்கள் பக்கத்தில் ரப்பர். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளாக எங்களில் பலர் பிறந்தோம். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. ஆகவே அடைமழைக் காலம் எங்கள் வீடுகளில் கடன் காலம். கிறிஸ்தவக் குடும்பங்களோ கைவிட்டு எண்ணக்கூடியவை. ஒரு தோட்டத்தில் மூன்று வீடு, அடுத்த தோட்டத்தில் ஐந்து வீடு. போதகர் ஐயா எல்லா ஞாயிறும் வந்துவிட முடியாத தூரம். அக்கம்பக்கத்தில் இந்துக்களும் பௌத்தர்களும். கதிர்காமம் இருப்பதும் எங்கள் மாவட்டத்தில்தான். இப்படிப்பட்ட இடத்தில் விசுவாசம் பெரிய கூட்டங்களால் காக்கப்படுவதில்லை. அடுப்படியிலும் லயத்து வாசலிலும்தான் அது காக்கப்படுகிறது.

மலையகத்தில் அது தொடங்கிய விதமும் அப்படியே. 1854இல் தோட்டத் தமிழர் நடுவில் ஆரம்பமான ஊழியத்துக்கு இட்ட பெயர் தமிழ்க் கூலி மிஷன். பெயரிலேயே 'கூலி' இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து ஊழியம் செய்தார்கள். பிற்காலத்தில் 'கூலி' என்ற சொல் நீக்கப்பட்டு அது தமிழ்ச் சபை மிஷன் ஆயிற்று. சபைகளின் வரலாறுகளில் மிஷனரிமாரின் பெயர்கள் இருக்கின்றன. மாலையில் வேலை முடிந்து வந்து, மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்திவைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஜெபித்த தாய்மாரின் பெயர்கள் இல்லை. நாங்கள் அந்தத் தாய்மாரின் பேத்திகள்.

சந்தோஷத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். கஷ்டப்படுகிறவர்களிடம் "சந்தோஷமாயிருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போவது மிகச் சுலபம். உடுக்க உடையும் உண்ண உணவும் இல்லாதவர்களுக்கு வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். நாள் சம்பளம் 1000 ரூபாய் என்ற கோரிக்கை பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் சம்பள நிர்ணய சபை மூலம் நிறைவேறியது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஜெபிக்கிற பெண்களும் இருந்தார்கள். சந்தோஷம் என்பது குறைகளைப் பேசாமல் வாயை மூடிக்கொள்வது என்று யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் சந்தோஷத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிற பவுல், கட்டப்பட்டவராக இருந்துகொண்டுதான் அதை எழுதினார். தாம் கட்டப்பட்டிருப்பதை அவர் மறைக்கவுமில்லை. இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன.

இனி எங்கள் பிடியரிசிப் பானையைப் பற்றிச் சொல்கிறோம். உலையில் போட அரிசி எடுக்கும்போது, கழுவுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. ஞாயிறு அதை ஆலயத்துக்குக் கொண்டு வருவது. யாழ்ப்பாணத்துச் சபைகளிலும் திருநெல்வேலிச் சபைகளிலும் இது பழைய வழக்கம். இந்துக் குடும்பங்களிலும் பிடியரிசி ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்தியாவின் மிசோரம் மாநிலத்துப் பெண்கள் 1910இல் இப்படி ஒரு பிடி ஒதுக்கத் தொடங்கினார்கள். இன்று அங்குள்ள சபைக்கு அந்த அரிசியிலிருந்தே வருடந்தோறும் கோடிக்கணக்கான ரூபாய் சேர்கிறது.

ஒரு பிடி அரிசியை நிறுத்துப் பார்த்தால் முப்பது, நாற்பது கிராம்தான் வரும். 35 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பிடி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 13 கிலோ. இருபது வீடுகள் என்றால் 250 கிலோவுக்கு மேல். எங்கள் சபையில் சுகமில்லாதவர்களின் வீட்டுக்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும், மரண வீட்டுக்கும் அந்த அரிசிதான் போகும். கொடுத்தவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதும் வழக்கமாக இருந்தது.

2022ஆம் வருடம் வந்தது. அந்த வருடத்தை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மா கண்ணில் படவில்லை. செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டு வேளை ரொட்டி சுட்ட வீடுகளில் ஒரு வேளை ரொட்டியும் ஒரு வேளை வெறும் தேத்தண்ணீரும் ஆனது. உலையில் அரிசி போடாத நாளில் பிடியரிசி எங்கிருந்து வரும்?

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதைப் பேசினோம். நிலைமை சீராகும் வரை நிறுத்திவைப்போம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். இரண்டு சிறு பிள்ளைகளின் தாயான ஒரு தங்கச்சி, "பிள்ளைகளுக்கே ரொட்டி பத்தல. இதுல கர்த்தருக்கு எங்க எடுத்து வைக்கிறது?" என்று கேட்டார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. அந்தக் கேள்வியில் அவிசுவாசம் எதுவும் இல்லை. ஒரு தாயின் கணக்கு இருந்தது.

அப்போது, பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி எழுந்து சொன்னார்: "நிப்பாட்டிட்டா நான் வாங்குறவளா மட்டுந்தானே இருப்பேன்? கொடுக்கிறவளாவும் இருக்க வேணாமா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. நிவாரணப் பொதிக்கு வரிசையில் நின்று, பெயர் பதிந்து, கையொப்பமிட்டு, படம் பிடிக்க நின்று களைத்திருந்த காலம் அது. வாங்குவது பாவமல்ல. ஆனால் வாங்குவது மட்டுமே வாழ்க்கையாகிப் போனால் மனிதருக்குள் ஏதோ ஒன்று கூனிப்போகிறது. சாறிபாத் ஊர் விதவையின் கதையை அன்று எல்லோரும் நினைத்தோம். பானையில் ஒரு பிடி மாவு மாத்திரம் மிச்சமிருந்த அவளிடம் போய்த்தான் எலியா அப்பம் கேட்டார். அவள் பசியை அறியாமல் கேட்டார் என்று சிறு வயதில் எண்ணியிருந்தோம். கொடுக்கக்கூடியவள் என்று அவளை மதித்தே கேட்டார் என்று அந்தப் பாட்டியின் வார்த்தையில் விளங்கியது.

இருவர் சொன்னதும் நியாயம் என்று கண்டோம். ஆகவே இரண்டு காரியங்களைத் தீர்மானித்தோம். பெயர் எழுதும் கொப்பியை மூடினோம். பானையை ஆலயத்தின் பின் மூலையில், மூடியோடு, யார் கண்ணும் படாத இடத்தில் வைத்தோம். முடிந்தவர் போடலாம், தேவைப்பட்டவர் எடுக்கலாம். ஒரு பிடியோ, அரைப் பிடியோ, ஒரு கை மாவோ, இரண்டு மரவள்ளிக் கிழங்கோ, எதுவானாலும் சரி.

பானை நிரம்பி வழிந்தது என்று சாட்சி சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. சில கிழமைகள் பானையின் அடி தெரிந்தது. ஆனால் ஒரு கிழமையாவது அது வெறுமையாக இருக்கவில்லை. பக்கத்து லயத்து இந்துச் சகோதரி ஒருவர், "எங்க வீட்டுப் பிடியையும் இதுலயே போட்டுர்றேன்" என்று கொண்டுவந்து தந்தார். யார் போட்டார், யார் எடுத்தார் என்று இன்றுவரை எவரும் விசாரித்ததில்லை. ஒரே ஆள் ஒரு கிழமை போட்டு மறு கிழமை எடுத்திருக்கலாம். அந்த நாட்களில் எங்கள் சிறிய ஆலயத்தில் பாடிய பாட்டில் ஒரு தெளிவு இருந்தது. எவரும் எவருக்கும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சந்தோஷம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். கஷ்டம் தீர்ந்த பிறகு வந்ததல்ல அது. கஷ்டத்தின் நடுவே, நானும் கொடுக்கிறவள் என்று தலைநிமிர்ந்தபோது வந்தது.

கொடுப்பதற்கு அரிசிகூட உதவாத நேரங்களும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். வெல்லவாயா வழியாகப் போனால் எங்களுக்கு அது பக்கத்து ஊர்தான். எங்களில் சிலர் போனோம். பேருந்தில் போகும்போது என்ன வசனம் சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே போனோம். அங்கே போன பிறகு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளின் தலை வாரிப் பின்னிவிட்டோம். பாத்திரம் கழுவினோம். ஒரு தாயின் பக்கத்தில் மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். தமிழ், சிங்களம், கோவில், பன்சலை, பள்ளிவாசல், ஆலயம் என்று பாராமல் சாப்பாட்டுப் பொதிகள் வந்தன.

பரிசுத்த ஆவியானவரைத் தேற்றரவாளன் என்று யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். மூலமொழியான கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்று அர்த்தம். ஆறுதலின் மகன் என்று பொருள்படும் பர்னபா என்ற பெயரை அப்போஸ்தலர்கள் ஒருவருக்கு இட்டார்கள். சவுலை எல்லோரும் சந்தேகித்தபோது அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆறுதல் என்பது பெரும்பாலும் பேச்சுத் திறமை இல்லை, பக்கத்தில் போய் உட்காரும் மனது.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஜோன் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். வீட்டில் தனியிடம் இல்லாததால், முன்றானைத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். அம்மா துணிக்குள் இருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் ஆறு பேரோடு வளர்ந்த எங்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் அம்மாமாரும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே ஜெபித்தவர்கள்தான்.

அன்பான அக்காமாரே, தங்கைமாரே, நம் பாடசாலை நமக்குப் பல காரியங்களைத் தந்தது. இங்கிலிஷ் தந்தது, உத்தியோகம் தந்தது, சிலருக்குக் கடவுச்சீட்டும் தந்தது. அதோடு விடுதி நாட்களில் ஒருத்தியின் காய்ச்சலுக்கு இன்னொருத்தி கஞ்சி வாங்கிவந்து கட்டிலருகே உட்காரும் பழக்கத்தையும் தந்தது. கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் உங்களுக்கு அரிசிக்குக் குறைவிருக்காது. ஆனால் தனிமை இருக்கும். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பேச ஆளில்லாத வீடு இருக்கும். உங்களிடம் நாங்கள் பணம் கேட்க வரவில்லை. அதைக் கேட்பதற்குப் பொருளாளர் இருக்கிறார்! நாங்கள் கேட்பது ஒன்றுதான். கிழமைக்கு ஒரு பிடி நேரம் ஒதுக்குங்கள். இந்த மலரின் பின்பக்கங்களில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அதில் நீண்ட நாளாகச் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு பெயரைப் பார்த்து அழைத்துப் பேசுங்கள். உபதேசம் வேண்டாம். "எப்படியடி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள். உங்களுக்கு முடியாமற்போகிற நாளில் நீங்களும் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், யாரையாவது அழையுங்கள். பானை இரண்டுக்கும்தான்.

சந்தோஷத்தைப் பற்றிப் பேச மொனராகலையிலிருந்தா ஆள் தேடினார்கள் என்று கேட்ட அக்காவும் இன்று எங்களோடு வந்திருக்கிறார். சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. மொனராகலைப் பக்கம் வந்தால் எங்கள் வீடுகளுக்கு வாருங்கள். வெயில் இருக்கும், சோறும் இருக்கும்.